ஃப்ளோரிடாவில் கான்டோ, ஹெச்.ஓ.ஏ. வீடு, மொபைல் ஹோம்: எதில் சட்டம் எவ்வளவு கைகொடுக்கும்?

கேள்வி கேட்டவர் நியூஜெர்சியில் இருக்கிறார். கிரீன் கார்டோடு இங்கே வந்துவிட்ட அப்பா அம்மாவுக்கு ஃப்ளோரிடாவில் சின்னதாக ஒரு வீடு பார்க்கிறார், பனியில் அவர்கள் படும் பாடு தாங்கவில்லையாம். மூன்று விளம்பரங்களை எடுத்து வைத்திருக்கிறார். ஒன்று, கடற்கரையோரம் 1970களில் கட்டிய அடுக்குமாடியில் ஒரு கான்டோ. இரண்டு, டாம்பாவுக்கு வடக்கே புதிதாக வந்துகொண்டிருக்கும் குடியிருப்பில் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள டவுன்ஹவுஸ். மூன்று, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பார்க்கில் ஒரு மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடு), அதன் விலை மற்ற இரண்டையும் பார்த்தால் அடிமாட்டு விலை. "மூன்றிலும் மாதா மாதம் பணம் கட்டணும், மூன்றிலும் ரூல்ஸ் புத்தகம் இருக்கு, அப்புறம் என்ன வித்தியாசம், சட்டம் நமக்கு என்ன பாதுகாப்பு தருது?" என்பது கேள்வி.

நான் வக்கீல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரிடாவில் அசோசியேஷன்களுக்கு மேலாளராக இருக்க மாநில உரிமம் வேண்டும், அந்த உரிமத்தை வைத்துப் பிழைப்பவன். போர்டுக்காரர்களின் (அசோசியேஷன் நிர்வாகக் குழுவினரின்) திட்டையும் வீட்டுக்காரர்களின் திட்டையும் ஒரே மதியத்தில் வாங்குகிற உத்தியோகம். அதனால் சட்டப் புத்தகத்தில் இருப்பதோடு, நடைமுறையில் எது வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல முடியும்.

வித்தியாசம் எல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: காலுக்குக் கீழே இருக்கும் மண் யாருடையது? ஹெச்.ஓ.ஏ. வீட்டில் மனை உங்கள் பெயரில் இருக்கும். கான்டோவில் உங்களுக்கென்று தனியாக இருப்பது சுவர்களுக்கு உள்ளே இருக்கும் இடம்தான். நிலம், தூண், கூரை எல்லாம் பொது, அதில் உங்களுக்குப் பிரிக்க முடியாத ஒரு பங்கு. சென்னையில் ஃப்ளாட் வாங்கும்போது யூ.டி.எஸ். எவ்வளவு என்று கேட்போமே, கிட்டத்தட்ட அதேதான். மொபைல் ஹோம் பார்க்கில் வீடு உங்களுடையது, அது நிற்கும் மண் இன்னொருவருடையது. அதாவது நீங்கள் ஒரே நேரத்தில் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் இரண்டும். மூன்றுக்கும் மூன்று தனித்தனிச் சட்டம் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஃப்ளோரிடா சட்டத் தொகுப்பில் 718-ஆம் அத்தியாயம் கான்டோவுக்கு, 720 ஹெச்.ஓ.ஏ.வுக்கு, 723 மொபைல் ஹோம் பார்க்குக்கு. நடுவில் 719 என்று கோ-ஆப்புக்கு ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பிறகு. ஒன்றில் இருக்கும் உரிமை இன்னொன்றில் இருக்கும் என்று நினைக்கவே கூடாது. இணையத்தில் எங்கோ படித்த 718 பிரிவை அச்சடித்துக்கொண்டு வந்து ஹெச்.ஓ.ஏ. கூட்டத்தில் சண்டை போடுபவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. வெளியே பார்த்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது. டவுன்ஹவுஸ் மாதிரியே இருக்கும், பத்திரத்தில் கான்டோ என்று இருக்கும். கவுண்டியின் ப்ராப்பர்ட்டி அப்ரெய்சர் தளத்தில் முகவரியைப் போட்டுச் சொத்து விவரத்தைப் பாருங்கள். லாட், பிளாக் என்று இருந்தால் பெரும்பாலும் மனையோடு கூடிய வீடு. யூனிட், கான்டோமினியம் என்று இருந்தால் 718. விற்கும் ஏஜெண்டே சில நேரம் தப்பாகச் சொல்வார். அவரை நம்பாமல் பதிவான டிக்ளரேஷனை, அதாவது அந்தக் குடியிருப்பின் அடிப்படை விதிப் பத்திரத்தை, வாங்கிப் படிப்பது நல்லது.

சரி, கான்டோவுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடந்த சில வருடங்களில் ஃப்ளோரிடாவில் எந்தச் சட்டமும் இந்த அளவுக்குத் தலைகீழாக மாறவில்லை. 2021 ஜூன் 24 அதிகாலை, மயாமி கடற்கரைக்குச் சற்று வடக்கே சர்ஃப்சைடில் சாம்ப்லெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கட்டடத்தின் பெரும் பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். 1981-ல் கட்டியது. நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தில் நீர்த்தடுப்பு கெட்டுக் கான்கிரீட் சேதமாகிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். ரிப்பேருக்காகச் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (உரிமையாளர்களிடம் மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாக வசூலிக்கும் தொகை) போட்டிருந்தார்கள், யூனிட்டைப் பொறுத்து ஆளுக்கு 80,000 டாலரிலிருந்து 3 லட்சத்துக்கு மேல் வரை. பணம் கட்டத் தொடங்க வேண்டிய தேதி ஜூலை 1. கட்டடம் ஒரு வாரம் முந்திக்கொண்டது.

அதுவரை சட்டம் எப்படி இருந்தது என்றால், கூரை, பெயிண்ட் போன்ற பெரிய செலவுகளுக்கு வருடா வருடம் ரிசர்வ் என்று பணம் ஒதுக்கணும், ஆனால் உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டு "இந்த வருஷம் வேண்டாம்" என்று தள்ளிவைக்கலாம். எழுபது வயதில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் நிறைந்த கட்டடத்தில் மாதக் கட்டணம் ஏறணுமா வேண்டாமா என்று ஓட்டு விட்டால் முடிவு என்ன வரும் என்று சொல்லவே வேண்டாம். வருடக்கணக்காகத் தள்ளிவைத்தே ஓட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, தான் உயிரோடு இருக்கும்போது கெடப்போகாத கூரைக்கு எதற்குப் பணம் என்று ஒரு பாட்டி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

2022 மே மாதச் சிறப்புக் கூட்டத்தொடரில் அந்தக் கதவை மூடினார்கள். ஆட்கள் வசிக்கும் தளம் மூன்றோ அதற்கு மேலோ உள்ள கான்டோ கட்டடங்களுக்கு இரண்டு கட்டாயங்கள் வந்தன. முதலாவது மைல்ஸ்டோன் பரிசோதனை: 30 வயதானதும் ஒரு பொறியாளரோ கட்டடக் கலைஞரோ பார்த்துச் சான்று தர வேண்டும், பிறகு 10 வருடத்துக்கு ஒருமுறை. உப்புக் காற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் உள்ளூர் நிர்வாகம் 25 வயதிலேயே கேட்கலாம். முதல் கட்டம் கண்ணால் பார்ப்பது. அதில் கட்டமைப்பு பெரிய அளவில் கெட்டிருப்பது தெரிந்தால் இரண்டாம் கட்டம், தட்டிப் பார்த்து உடைத்துப் பார்த்து. அந்த அறிக்கை வந்து 365 நாளுக்குள் ரிப்பேர் தொடங்க வேண்டும். இரண்டாவது கட்டாயம் எஸ்.ஐ.ஆர்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் கட்டமைப்பு ரிசர்வ் ஆய்வு. கூரை, தாங்கும் கட்டமைப்பு, தீத்தடுப்பு, குழாய், மின்சாரம், நீர்த்தடுப்பும் வெளிப் பெயிண்டும், ஜன்னல்களும் வெளிக்கதவுகளும் ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை வருடம் தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும், அதற்கு வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கணும் என்ற கணக்கு. 2024 கடைசிக்குப் பிறகு போடும் பட்ஜெட்டில் இந்த ரிசர்வை ஓட்டுப் போட்டுத் தள்ளிவைக்க முடியாது.

நாற்பது வருடம் கட்டாத பணத்தைச் சில வருடங்களில் கட்டு என்றால் என்ன ஆகும்? மாதக் கட்டணம் இரட்டிப்பான கட்டடங்கள் உண்டு. தாங்க முடியாதவர்கள் விற்கக் கிளம்பினார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் விலை இறங்கியது. உங்களுக்கு வந்த கான்டோ விளம்பரம் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கூச்சல் அதிகமானதால் 2025-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள்: ஆய்வை முடிக்கும் கெடு 2025 டிசம்பர் 31 வரை நீண்டது, ரிசர்வைக் கடன் வாங்கி நிரப்பவும் வழி விட்டார்கள், மைல்ஸ்டோன் பரிசோதனை முடித்த கட்டடங்கள் ரிப்பேருக்காக ரிசர்வ் கட்டுவதைக் குறுகிய காலத்துக்கு நிறுத்தி வைக்கவும் அனுமதி வந்தது. என் கருத்தைக் கேட்டால், சட்டம் சரி, வேகம்தான் தப்பு. ஆனால் வாங்கப் போகிற உங்களுக்கு இது நல்லதுதான். முன்பு கட்டடத்தின் உண்மை நிலை யாருக்கும் தெரியாது, இப்போது காகிதத்தில் இருக்கிறது, விற்பவர் அதைத் தந்தே ஆக வேண்டும்.

எதை எதைத் தர வேண்டும் என்றால், டிக்ளரேஷன், பைலாஸ், விதிமுறைகள், பட்ஜெட், வருடக் கணக்கு, மைல்ஸ்டோன் அறிக்கையின் சுருக்கம், எஸ்.ஐ.ஆர்.எஸ். இவை கைக்கு வந்த பிறகு, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த யூனிட் என்றால் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நீங்கலாக 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 2025 வரை இது 3 நாளாக இருந்தது, அதற்குள் எண்பது பக்கம் படிக்க யாரால் முடியும்? பில்டரிடமிருந்து நேரடியாகப் புதிதாக வாங்கினால் 15 நாள். இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. ஆனாலும் கையெழுத்தைத் தேடுவார்கள், போடாதீர்கள்.

கான்டோவில் சட்டத்தின் பக்கபலம் மற்ற இரண்டைவிட அதிகம். பதிவேடுகளைப் பார்க்கணும் என்று எழுதிக் கேட்டால் 10 வேலை நாளுக்குள் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் நாளுக்கு 50 டாலர் வீதம் 10 நாள் வரை நஷ்டஈடு. 25 யூனிட்டும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்கள் 2026 ஜனவரியிலிருந்து ஆவணங்களை இணையத்தில் போட்டு வைக்க வேண்டும். வருடக் கட்டணம் போன வருடத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால் கட்டாயமில்லாத செலவுகளை நீக்கிய ஒரு மாற்று பட்ஜெட்டையும் போர்டே முன்வைக்க வேண்டும், உரிமையாளர்கள் அதற்கு ஓட்டுப் போடலாம், ஆனால் பெரிய ரிப்பேருக்கான ரிசர்வை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் இப்போதைய ஏற்றத்துக்கு இது அவ்வளவாக உதவாது. புகார் கொடுக்க மாநிலத்தில் ஒரு துறை இருக்கிறது, கான்டோவுக்கென்றே ஓம்பட்ஸ்மனும் (குறைதீர்ப்பாளர்) உண்டு. வாசல் நிலையில் சாமி படம் வைப்பதுகூடச் சட்டத்தில் இருக்கிறது: 3 அங்குல அகலம், 6 அங்குல உயரம், ஒன்றரை அங்குலக் கனத்துக்குள் ஒரு மதச் சின்னத்தைக் கதவு நிலையில் பொருத்த அசோசியேஷன் மறுக்கக் கூடாது. யூதர்கள் வாசலில் வைக்கும் மெசூசாவை மனதில் வைத்து எழுதியது, நம் பிள்ளையாரும் அதற்குள் அடங்குவார். மாவிலைத் தோரணம் அடங்காது.

பழைய கடற்கரைக் கான்டோவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கட்டடத்தையே கலைத்துவிட்டு நிலத்தை விற்கும் சாத்தியம். 80 சதவீத ஓட்டு ஆதரவாக இருந்து 5 சதவீதம் பேர்கூட எதிர்க்காவிட்டால் கான்டோவைக் கலைக்கலாம் என்கிறது 718. டெவலப்பர்கள் யூனிட் யூனிட்டாக வாங்கிச் சேர்ப்பது இதற்காகத்தான். ஆனால் 2024-ல் மயாமியின் பிஸ்கேன் 21 வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கட்டடத்தின் டிக்ளரேஷன் கலைப்புக்கு எல்லோரின் சம்மதமும் வேண்டும் என்று சொல்லியிருக்க, அதை ஓட்டுப் போட்டு 80 ஆகக் குறைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆக, உங்கள் கட்டடத்தின் டிக்ளரேஷனில் என்ன இருக்கிறது என்பதே கடைசியில் பேசுகிறது. அதில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: கான்டோ சட்டம் "அவ்வப்போது திருத்தப்பட்டபடி" பொருந்தும் என்று இருக்கிறதா என்று. இருந்தால் பின்னால் வந்த திருத்தங்கள் தானாக உள்ளே வரும். இல்லையென்றால் சில திருத்தங்கள் பழைய உரிமைகளைத் தொடாது. 1977-ல் கௌஃப்மன் வழக்கில் தொடங்கிய வாதம் இது, வக்கீல்கள் இன்றும் இதை வைத்து மணிக்கணக்கில் பில் போடுகிறார்கள்.

ஹெச்.ஓ.ஏ.வில் பணச் சிக்கல் குறைவு, மனச் சிக்கல் அதிகம். மனை உங்களுடையது, கூரை உங்களுடையது (டவுன்ஹவுஸில் கூரை யார் பொறுப்பு என்பது டிக்ளரேஷனுக்கு டிக்ளரேஷன் மாறும், கட்டாயம் பாருங்கள்), பொதுவில் இருப்பது சாலை, குளம், கிளப்ஹவுஸ், வேலி அவ்வளவுதான். அதனால் கான்டோ மாதிரி திடீரென்று லட்சம் டாலர் அசெஸ்மென்ட் வருவது அரிது. ஆனால் ஹெச்.ஓ.ஏ.க்களை ஒரு அரசுத் துறையின் கீழ் கொண்டுவருவது அவற்றுக்கு நல்லதல்ல என்று 720-லேயே சட்டமன்றம் எழுதி வைத்திருக்கிறது. தேர்தல், போர்டைத் திரும்ப அழைப்பது போன்ற சில தகராறுகளைத் தவிர மாநிலத்துக்கு எழுதினால் "உங்கள் வக்கீலைப் பாருங்கள்" என்றுதான் பதில் வரும். விதிமீறல் தகராறுகளில் முதலில் சமரசப் பேச்சு, பிறகு நீதிமன்றம். தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டும். தபால் பெட்டியின் நிறத்துக்காகத் தொடங்கிய சண்டை கடைசியில் அந்தப் பெட்டியின் விலையைப் போல நூறு மடங்கு வக்கீல் பில்லில் முடியும்.

மயாமிக்குத் தென்மேற்கே ஹம்மக்ஸ் என்ற மிகப் பெரிய ஹெச்.ஓ.ஏ.வில் போர்டில் இருந்தவர்கள் 20 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியதாக 2022 நவம்பரில் கைதானார்கள். அதன் பிறகுதான் சட்டமன்றத்துக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. 2023, 2024 திருத்தங்களில் போர்டு உறுப்பினர்களுக்குப் பயிற்சி கட்டாயமானது, லஞ்சம் வாங்கினால் குற்றவழக்கு, அசோசியேஷன் பணத்துக்கு டெபிட் கார்டு கூடாது, 100 மனையோ அதற்கு மேலோ இருந்தால் ஆவணங்கள் இணையத்தில். அன்றாட வாழ்க்கைக்கும் சில நல்லது செய்தார்கள். சாலையிலிருந்தோ பக்கத்து மனையிலிருந்தோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காய்கறித் தோட்டம் போடுவதையும் துணிக்கொடி கட்டுவதையும் ஹெச்.ஓ.ஏ. தடுக்க முடியாது. அம்மா கொல்லையில் முருங்கை வைக்கலாம், வேலிக்கு மேல் எட்டிப் பார்க்காதவரை. குப்பை எடுக்கும் நாளுக்கு 24 மணி நேரம் முன்னும் பின்னும் தொட்டி வெளியே இருந்ததற்கு அபராதம் போடக் கூடாது என்பதும் சட்டம். இதற்கெல்லாம் ஒரு மாநிலம் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலிருந்து நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அபராதத்துக்கு ஒரு முறை இருக்கிறது: 14 நாள் முன்னறிவிப்பு, பிறகு போர்டில் இல்லாத, போர்டுக்காரர்களுக்கு உறவில்லாத குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு விசாரித்து ஒத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு 100 டாலர், மொத்தம் 1,000 என்பது பொதுவான வரம்பு, ஆனால் ஹெச்.ஓ.ஏ. ஆவணத்தில் அதிகமாக எழுதியிருந்தால் அதிகம் போகலாம். 1,000-க்குக் குறைந்த அபராதம் வீட்டின் மேல் லியன் (பாக்கிக்காக வீட்டின் மேல் பதியும் பிடிமானம்) ஆகாது. மாதக் கட்டண பாக்கி அப்படி இல்லை. அது லியனாகும், வீடு ஏலத்துக்கே போகலாம், கான்டோவிலும் இதே கதைதான். ஃப்ளோரிடாவில் ஹோம்ஸ்டெட் வீட்டை (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை) கடன்காரர்கள் தொட முடியாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அசோசியேஷன் பாக்கிக்கு அந்தக் கவசம் கிடையாது.

புதுக் குடியிருப்பு என்றீர்கள், அதனால் இரண்டு விஷயம். எல்லாக் கட்டங்களிலும் சேர்த்து 90 சதவீத மனைகள் விற்று மூன்று மாதம் ஆகும்வரை போர்டு பில்டர் கையில் இருக்கலாம். அதுவரை கட்டணத்தைச் செயற்கையாகக் குறைத்து வைப்பது வழக்கம், பிறகு ஏறும். ரிசர்வ் வைப்பதும் ஹெச்.ஓ.ஏ.வுக்குக் கட்டாயமில்லை. இரண்டாவது, சி.டி.டி. என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். சாலை, சாக்கடை போட பாண்டு வெளியிட்டுக் கடன் வாங்கி, அதை வீட்டுக்காரர்களிடம் சொத்து வரி பில்லோடு வசூலிக்கும் ஒரு குட்டி அரசு அமைப்பு அது, 190-ஆம் அத்தியாயத்தின் கீழ் வருகிறது. விளம்பரத்தில் "குறைந்த ஹெச்.ஓ.ஏ. கட்டணம்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இதன் மேல்தான். வரி பில்லின் கீழ்ப்பகுதியில் இருக்கும்.

இப்போது மொபைல் ஹோம். அந்த விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், அதே நேரம் ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். நல்ல பார்க்கில் வயதானவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் தினமும் விசாரிப்பார், நீச்சல் குளம், சீட்டாட்டம் எல்லாம் உண்டு. ஆனால் சட்டப்படி நீங்கள் வாங்குவது மோட்டார் வாகனத் துறை டைட்டில் கொடுக்கும் ஒரு பொருள். காருக்குப் போலவே வருடா வருடம் ஸ்டிக்கர். வங்கியில் வீட்டுக் கடன் கிடைக்காது, தனிக் கடன்தான், வட்டி அதிகம். "மொபைல்" என்பதெல்லாம் பேருக்கு. ஒருமுறை நிறுத்தி, வராந்தாவும் கார்போர்ட்டும் கட்டிய பிறகு நகர்த்தும் செலவு வீட்டின் விலையையே தொடும், அதிலும் 1976 ஜூனில் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட்டின் தரவிதி வருவதற்கு முன் கட்டியதை வேறு பார்க்கில் ஏற்கவே மாட்டார்கள். பார்க் முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். லாட் வாடகை (வீடு நிற்கும் மண்ணுக்கான வாடகை) ஏறினால் நீங்கள் எங்கே போவீர்கள்?

இந்தப் பலவீனத்தை ஈடுகட்டத்தான் 723 எழுதப்பட்டது. 10 லாட்டும் அதற்கு மேலும் வாடகைக்கு விடும் பார்க்குக்கு அது பொருந்தும். 26 லாட்டோ அதற்கு மேலோ என்றால் ப்ராஸ்பெக்டஸ் என்ற ஆவணத்தை மாநிலத்தில் ஒப்புதல் வாங்கி உங்களுக்குத் தர வேண்டும். வாடகை எந்த அடிப்படையில் ஏறும், வரியும் அரசு கட்டாயப்படுத்தும் வேலைகளின் செலவும் எப்படி உங்கள் தலையில் வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏற்றுவதற்கு 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். குடியிருப்போர் ஐந்து பேருக்கு மிகாத ஒரு குழு அமைத்து முதலாளியோடு உட்கார்ந்து பேசலாம், ஒத்துவராவிட்டால் பெரும்பான்மையோர் எழுதிக் கொடுத்துச் சமரசத்துக்குப் போகலாம், அதற்கப்புறம் நீதிமன்றம். ஆனால் வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. சுற்றியிருக்கும் பார்க்குகளில் அதே வாடகை என்று காட்டினால் முதலாளியின் கை ஓங்கிவிடும், சுற்றியிருக்கும் பார்க்குகளையும் அதே மாதிரி முதலீட்டுக் கம்பெனிகள் வாங்கிப் போட்டிருக்கும்போது இந்த ஒப்பீடு எதை நிரூபிக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விற்பவர் இப்போது கட்டும் லாட் வாடகையைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். அவருடைய ஒப்பந்தத்தின் மீதிக் காலத்துக்கு மட்டும் அது உங்களுக்கு வரும், அது முடிந்ததும் உங்களுக்கு எவ்வளவு என்பதைப் பார்க் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

காரணமில்லாமல் வெளியேற்ற முடியாது, அது பெரிய பாதுகாப்பு. வாடகை பாக்கி, விதிமீறல், சில குற்றத் தீர்ப்புகள் இப்படிக் குறிப்பிட்ட காரணங்கள்தான் உண்டு. அதில் ஒன்று, நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது. அதற்கு 6 மாத அவகாசம் கொடுத்தால் போதும். மயாமிக்கு மேற்கே ஸ்வீட்வாட்டரில் லில் ஆப்னர் பார்க்கில் 900 வீடுகளுக்குப் பக்கமாக இருந்தவர்களுக்கு 2024 நவம்பரில் நோட்டீஸ் வந்தது, அடுத்த மே மாதத்துக்குள் காலி பண்ணு என்று. பல பேர் பத்திருபது வருடம் இருந்தவர்கள், சொந்த வீடு என்று காசு போட்டுப் புதுப்பித்தவர்கள். இப்படி நடக்கும்போது நகர்த்தும் செலவுக்கு மாநிலத்தில் ஒரு நிதி இருக்கிறது. 2024-ல் அதை உயர்த்தி, ஒரே பகுதியாக உள்ள வீட்டுக்கு 6,500 டாலர் வரையும், இரண்டு பகுதி சேர்ந்த வீட்டுக்கு 11,500 வரையும் ஆக்கினார்கள். நகர்த்த முடியாமல் விட்டுவிட்டுப் போனால் அதைவிடக் குறைவு. கடலோரத்தில், நகரம் வளரும் திசையில் இருக்கும் பார்க்குகளுக்கு இந்த ஆபத்து அதிகம், உள்நாட்டில் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே இருப்பவற்றுக்குக் குறைவு.

பார்க்கை முதலாளி பொதுவில் விற்பனைக்குப் போட்டால் குடியிருப்போர் சங்கத்துக்கு முதலில் சொல்ல வேண்டும், அவர்கள் 45 நாளுக்குள் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். யாராவது தாமாக வந்து விலை பேசினால் முதலாளி அதைச் சங்கத்துக்குத் தெரிவித்தால் போதும், அவர்களுக்கே விற்க வேண்டிய கடமை கிடையாது. பெரிய கம்பெனிகள் எப்படி வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? தாமாகத்தான். ஆனாலும் அந்த 45 நாளைப் பயன்படுத்திக் கடன் வாங்கித் தங்கள் பார்க்கைத் தாங்களே வாங்கிய குடியிருப்போர் ஃப்ளோரிடாவில் இருக்கிறார்கள். முன்னே சொன்ன 719 கோ-ஆப் இங்கேதான் வருகிறது: ஆளுக்கொரு ஷேர், நிலம் எல்லோருக்கும் சேர்ந்த கழகத்தின் பெயரில்.

55+ என்பது மத்தியச் சட்டம் தரும் விலக்கு. ஆள் இருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்திலாவது 55 வயதானவர் ஒருவர் இருக்க வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் உள்ள குடும்பங்களைப் பார்க் மறுக்கலாம். கோடை முழுக்கப் பேரக் குழந்தைகளைக் கொண்டுவந்து விடலாம் என்று நினைத்திருந்தால் விருந்தாளிகள் எத்தனை நாள் தங்கலாம் என்ற விதியைப் படியுங்கள். பெற்றோருக்குப் பிறகு வீடு உங்களுக்கு வரும், அதில் குடியிருக்கும் உரிமை வருமா என்பது வேறு விஷயம். அப்புறம் புயல். எந்த வெளியேற்ற மண்டலமாக இருந்தாலும் மொபைல் ஹோமில் இருப்பவர்களை வெளியேறச் சொல்வதுதான் இங்கே வழக்கம். எழுபத்தைந்து வயதில் காரை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போக அவர்களால் முடியுமா, நீங்கள் நியூஜெர்சியில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

கான்டோவுக்கும் ஹெச்.ஓ.ஏ.வுக்கும் பொதுவாக ஒன்று. முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கிக்கு வாங்குபவரும் சேர்ந்தே பொறுப்பு. அதனால் எஸ்டாப்பல் கடிதம் (பாக்கி எவ்வளவு என்று அசோசியேஷன் எழுதித் தருவது) இல்லாமல் க்ளோசிங், அதாவது கிரயம் முடிப்பது, வேண்டாம். கேட்ட 10 வேலை நாளுக்குள் அசோசியேஷன் தர வேண்டும், கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. அந்தக் கடிதத்தில் இருப்பது இன்றைய பாக்கி. நாளை வரப்போகும் அசெஸ்மென்ட்டைத் தெரிந்துகொள்ள கடைசி ஒரு வருடப் போர்டு கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள். "பொறியாளர்", "வழக்கு", "இன்சூரன்ஸ் புதுப்பிப்பு" என்ற சொற்கள் அடிக்கடி வந்தால் வேறு வீடு பார்க்கலாம். வாடகைக்கு விடும் எண்ணம் பின்னால் வரும் என்றால் அதையும் இப்போதே பாருங்கள்: வாங்கிய பிறகு போடும் வாடகைத் தடை கான்டோவில் சம்மதிக்காத பழைய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது, ஹெச்.ஓ.ஏ.விலும் 2021 ஜூலைக்குப் பிந்தைய திருத்தங்களுக்கு ஏறக்குறைய அப்படித்தான், ஆறு மாதத்துக்குக் குறைந்த குறுகிய கால வாடகையைத் தவிர. வாங்கும்போதே இருக்கும் தடை உங்களைக் கட்டும்.

இதெல்லாம் ஃப்ளோரிடாவுக்கு மட்டும். டெக்சாஸில் கான்டோவுக்கும் ஹெச்.ஓ.ஏ.வுக்கும் வேறு அத்தியாயங்கள், கலிஃபோர்னியாவில் டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம், அங்கே மொபைல் ஹோமுக்குத் தனிச் சட்டம். டல்லாஸில் இருக்கும் மச்சான் சொன்னார் என்று எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மூன்றில் என் தேர்வு டவுன்ஹவுஸ், சி.டி.டி. தொகையைச் சேர்த்தும் மாதச் செலவு கட்டுப்படியானால். கான்டோ கடலைப் பார்த்து இருக்கலாம், ஆனால் மைல்ஸ்டோன் முடிந்து, ரிப்பேர் முடிந்து, அசெஸ்மென்ட்டை விற்பவரே கட்டித் தீர்த்திருந்தால் மட்டும் யோசிப்பேன், அப்படி ஒன்று கிடைத்தால் அது நிஜமாகவே நல்ல விலைதான். மொபைல் ஹோம் என்றால் குடியிருப்போரே சொந்தமாக வைத்திருக்கும் பார்க்கில் மட்டும். உங்கள் விளம்பரத்தில் "ஷேர்" என்ற வார்த்தை எங்காவது வருகிறதா, வந்தால் ஷேரின் விலை அந்தத் தொகையில் சேர்ந்ததா தனியா என்று ஏஜெண்டிடம் கேட்டு எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.